வடகொரியாவில் யாரிடமும் செல்போன் கிடையாதாமே?

கேள்வி. ஜூன் 6, 2025

யூடியூபில் ஒரு தமிழ்ச் சேனலில் பார்த்தேன். வடகொரியாவில் நாடு முழுக்க ஒரு டவர்கூடக் கிடையாதாம். செல்போன் வைத்திருந்தாலே சிறையாம். வெளிநாட்டுக்குப் பேசி மாட்டினால் ஆளே காணாமல் போய்விடுவானாம். இங்கே டெலிகாம்காரர்கள் இருப்பீர்களே, எது உண்மை?

ஜூன் 6, இரவு 11.20

மூன்றில் முதல் இரண்டும் கதை. மூன்றாவதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது, பிறகு வருகிறேன்.

டவர் இருக்கிறது. நானே பார்த்தேன். 2012 செப்டம்பரில் ஒரு சுற்றுலாக் குழுவோடு பெய்ஜிங்கிலிருந்து ரயிலில் பியோங்யாங் போய், நாலு நாள் இருந்துவிட்டு ரயிலிலேயே திரும்பினேன். எனக்கு வேலை ரேடியோ நெட்வொர்க். டிரைவ் டெஸ்ட் என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் காரில் சுற்றி சிக்னல் அளந்தவன். எந்த ஊருக்குப் போனாலும் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடும்போது என் கண் எதிர் மொட்டைமாடி ஆண்டெனாவில் இருக்கும் என்பது என் மனைவியின் நிரந்தரப் புகார். பியோங்யாங்கிலும் அதே கதை. வழிகாட்டி சிலையைக் காட்டினார், நான் அதற்குப் பின்னால் இருந்த கட்டடத்து உச்சியைப் பார்த்தேன். மூன்று திசைக்கும் மூன்று செக்டர், ஒழுங்காகச் சாய்த்து நிறுத்திய ஆண்டெனா.

தெருவில் கையில் போனோடு நடந்தவர்களை முதல் நாள் எண்ண ஆரம்பித்து, இரண்டாம் நாள் அலுத்து விட்டுவிட்டேன். அந்த வருஷம் பிப்ரவரியிலேயே சந்தாதாரர் 10 லட்சத்தைத் தொட்டுவிட்டதாக அங்கே சேவை நடத்திய நிறுவனம் அறிவித்திருந்தது.

போன் இல்லாதவன் நான்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரன் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. எல்லையில் சினுய்ஜு ஸ்டேஷனில் அதிகாரி பெட்டிக்குள் ஏறி, என் நோக்கியாவை வாங்கி, ஒரு பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே கையெழுத்துப் போடச் சொன்னார். திரும்பும்போதுதான் கையில் கிடைத்தது. யாலு ஆற்றுப் பாலத்தின் நடுவில் ஆன் செய்தேன், சைனா மொபைல் என்று வந்தது, வீட்டிலிருந்து 14 மிஸ்டு கால்.

ஜூன் 7, காலை 6.50

நேற்று தூக்கத்தில் எழுதியது. வரலாற்றைக் கொஞ்சம் வரிசையாகச் சொல்கிறேன்.

அங்கே மொபைல் இரண்டு தடவை பிறந்தது. முதல் தடவை 2002 நவம்பரில், தாய்லாந்தின் லாக்ஸ்லி குழுமம் கூட்டுச் சேர்ந்து நடத்திய ஜிஎஸ்எம், அதாவது 2ஜி சேவை. பியோங்யாங்கிலும் வடகிழக்கு மூலையில் இருக்கும் ராசோன் வணிக மண்டலத்திலும் தொடங்கியது. ஒன்றரை வருஷம் ஓடியது. 2004 ஏப்ரல் 22-ம் தேதி ரியோங்சோன் ரயில் நிலையத்தில் பெரிய வெடிவிபத்து. சீனாவிலிருந்து திரும்பிய அப்போதைய தலைவர் கிம் ஜோங் இல்லின் ரயில் சில மணி நேரம் முன்னால்தான் அந்த வழியே போயிருந்தது. செல்போனை வைத்து வெடிக்கச் செய்திருக்கிறார்கள். அடுத்த சில வாரத்தில் நாட்டில் இருந்த போன்களை எல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது பிறப்பு 2008 டிசம்பர் 15. எகிப்தின் ஒராஸ்காம் நிறுவனம் 75 சதவீதம், கொரிய அஞ்சல் தொலைத்தொடர்புக் கழகம் 25 சதவீதம். பெயர் கொரியோலிங்க். நம் ஊரில் 3ஜி ஏலம் விட்டது 2010-ல் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் நேரே 3ஜியிலேயே இறங்கிவிட்டார்கள்.

ஜூன் 7, மதியம் 1.15

மேலே ஒருவர் என் காதைத் திருகியிருக்கிறார். சரிதான். "செல்போனை வைத்து வெடிக்கச் செய்திருக்கிறார்கள்" என்று நான் எழுதியது வதந்தி. அரசு சொன்ன காரணம், அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய வேகன்களை ஷண்டிங் செய்யும்போது மின்கம்பியில் பட்டது என்பது. வெடித்தது உண்மை, சுமார் 160 பேர் செத்தது உண்மை, அதையொட்டிச் செல்போன் தடையானது உண்மை. நடுவில் இருக்கும் கயிறு ஊர்வாய் திரித்தது. யூடியூப் சேனலைத் திட்டிக்கொண்டே நானும் அதையே செய்திருக்கிறேன். அந்த வரியை அழிக்கப் போவதில்லை, அப்படியே கிடக்கட்டும்.

ரியோங்சோன் ஸ்டேஷனை எங்கள் ரயிலும் கடந்தது. புது ஓடு, புதுச் சுண்ணாம்பு அடித்த வீடுகள், சோளக்கொல்லை. வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மட்டும் இடம் தெரிந்திருந்ததால் தொண்டை அடைத்தது.

ஜூன் 7, இரவு 10.05

"அப்படியானால் அங்கே இருக்கிறவனுக்கு வாட்ஸப்பில் மெசேஜ் போடலாமா" என்று கேட்ட தம்பிக்கு: போட முடியாது. உள்ளூர்க்காரர் போனில் இண்டர்நெட் கிடையாது, குவாங்மியோங் என்ற உள்நாட்டு வலை மட்டும் உண்டு. வெளிநாட்டு அழைப்பும் கிடையாது.

இதுதான் எனக்குத் தொழில்ரீதியாக ரொம்ப ருசியான இடம், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். பியோங்யாங்கில் இருக்கும் தூதரகக்காரர், தொண்டு நிறுவனக்காரர், வியாபாரி எல்லோருக்கும் அதே கொரியோலிங்க்தான் சிம் தருகிறது. அதே டவர், அதே அலைவரிசை. ஆனால் வெளிநாட்டுக்காரர் சிம்மிலிருந்து வெளிநாட்டுக்குப் பேசலாம், மற்ற வெளிநாட்டுக்காரரோடு பேசலாம். எதிர்வீட்டுக் கொரியரைக் கூப்பிட முடியாது. அவராலும் இவரைக் கூப்பிட முடியாது. இதற்குத் தனி டவர் வேண்டியதில்லை. சிம்முக்குப் பின்னால் ஸ்விட்சில், அதாவது அழைப்புகளை இணைத்துவிடும் மைய இயந்திரத்தில், இருக்கும் சந்தாதாரர் பதிவில், இந்த எண் இந்தக் கூட்டம், அந்த எண் அந்தக் கூட்டம் என்று எழுதி வைத்தால் போதும். நம் ஊர் கம்பெனிகளில் ஊழியர்கள் தங்களுக்குள் இலவசமாகப் பேச குரூப் சிம் தருவார்களே, அதே வசதியைத் தலைகீழாக்கியது.

எங்கள் அம்மா வீட்டில் பாகம் பிரித்தபோது கிணற்றின் நடுவில் சுவர் வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ராட்டினம், அந்தப் பக்கம் ஒரு ராட்டினம், தண்ணீர் ஒன்றே. பெரியவர்கள் முகம் பார்க்க மாட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசுவோம், சுவர் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நின்றுவிடும், குரல் போய்விடும். கொரியோலிங்க் கட்டியவர்கள் சுவரைத் தண்ணீருக்கு அடியிலும் கட்டியிருக்கிறார்கள்.

2013 ஜனவரியிலிருந்து சுற்றுலாக்காரரும் சொந்தப் போனைக் கொண்டுபோகலாம் என்றானது. பிப்ரவரியில் வெளிநாட்டவருக்கு 3ஜி இண்டர்நெட்டும் திறந்தது. பியோங்யாங் தெருவிலிருந்து படங்கள் நேரடியாக இன்ஸ்டாகிராமில் வந்தன. மார்ச் முடிவதற்குள் சுற்றுலாக்காரருக்கு மூடிவிட்டார்கள். நான் நாலே மாதம் முந்திப் போய்த் தொலைத்திருக்கிறேன்.

ஜூன் 8, காலை 9.30

கொரிய மொழியிலும் அம்மா அப்பா உண்டு, ஆகவே அவர்கள் தமிழர்கள் என்று மூன்று பேர், கன்னியாகுமரியிலிருந்து கொரியாவுக்குக் கப்பலேறிப் போன இளவரசி என்று இரண்டு பேர். ஐயா, அதற்கு வேறு இழை திறங்கள். இங்கே டவர் பற்றிப் பேசுகிறோம்.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் அனுமதி. வடக்கில் மொபைலுக்குச் சொல் சோன்ஜொன்ஹ்வா. சோன் என்றால் கை, ஜொன்ஹ்வா என்றால் தொலைபேசி. கைப்பேசி! தெற்கில் பேச்சுவழக்கில் ஹேண்ட்போன் என்பார்கள், நம் சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் மாதிரியே. போதும், மூடுங்கள்.

ஜூன் 9, இரவு 11.50

அங்கே ஒரு இணைப்புக்கு மாதம் கிடைத்த 200 நிமிடம் பற்றி எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

எங்கள் குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகள். மூத்தவர் ஒரு அம்மா, நாற்பது வயதிருக்கும், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். அவரிடம் சிவப்பு ஸ்லைடர் போன், முனையில் சிறு மணி தொங்கும். பேசும்போது இன்னொரு கையால் வாயை மூடிக்கொள்வார். இரண்டாம் நாள் மாலை பஸ்ஸில் யாரையோ கூப்பிடும் முன் சிவப்புப் போனை எடுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பைக்குள் போட்டுவிட்டு வேறொரு கறுப்புப் போனை எடுத்துப் பேசினார். நான் அன்று நோட்டில் எழுதியது: "இரண்டு போன். வசதியான ஆள். கட்சிக் குடும்பமாக இருக்கும்."

எனக்குப் பிறகுதான் விவரம் தெரிந்தது. அப்போது அடிப்படைத் திட்டத்தில் மாதம் 200 நிமிடம், 20 குறுஞ்செய்தி. அதை உள்ளூர் வோனில் கட்டினால் போதும், மலிவு. 200 தீர்ந்துபோனால் மேற்கொண்டு நிமிடம் வாங்க டாலரோ யூரோவோ வேண்டும். ஆகவே இன்னொருவர் பெயரில் இரண்டாவது இணைப்பு எடுத்து இன்னொரு 200 நிமிடத்தைப் பிடிப்பதே லாபம். அத்தையின் பெயரில், அண்டை வீட்டுக்காரர் பெயரில், போன் வாங்கவே முடியாத ஒருவருக்குக் காசு கொடுத்து அவர் பெயரில். 10 லட்சம், 20 லட்சம் என்று நிறுவனம் அறிவித்த சந்தாதாரர் கணக்கில் இப்படி எத்தனை கறுப்புப் போன் ஒளிந்திருக்குமோ.

போன் விலை என்று பார்த்தால் நூறு, இருநூறு டாலருக்குக் குறையாது. அந்தக் காலத்து அரசு வேலைச் சம்பளத்தைச் சந்தை மாற்று விலையில் கணக்குப் போட்டால் மாதம் ஒரு டாலர்கூடத் தேறவில்லை. அப்படியானால் இத்தனை லட்சம் பேர் எங்கிருந்து வாங்கினார்கள்? சந்தைதான். ஜாங்மாதாங் என்பார்கள். தொண்ணூறுகளின் பஞ்சத்தில் ரேஷன் நின்றுபோனபோது பெண்கள் தெருவோரம் விரித்த கடைகளிலிருந்து வளர்ந்தது. ஒரு ஊரில் அரிசி என்ன விலை, இன்னொரு ஊரில் என்ன விலை என்று நின்ற இடத்தில் தெரிந்துகொள்ள முடிகிறவனுக்கு 200 டாலர் போன் ஒரு முதலீடு. நம் ஒட்டன்சத்திரத்துத் தக்காளி வியாபாரியைக் கேட்டால் இதை என்னைவிட நன்றாக விளக்குவார்.

நிமிடங்களே பணமாகவும் ஓடின. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பேசும் நேரத்தை மாற்றிவிடலாம். தூர ஊரில் இருப்பவனுக்குப் பணம் அனுப்ப நம்பிக்கையான வங்கி கிடையாது. நிமிடமாக அனுப்பினால் அங்கே ஒருவர் அதை வாங்கிக்கொண்டு காசாகத் தருவார். எங்கள் தெரு ஈஸி ரீசார்ஜ் கடைக்காரர் பத்து ரூபாய் சில்லறைக்கு டாப்அப் போட்டுவிடுகிறேன் என்பாரே, அதைக் கொஞ்சம் பெரிதாக நினைத்துப் பாருங்கள்.

கடைசி நாள் சாப்பாட்டு மேசையில் அந்த அம்மாவிடம் மிஸ்டு காலைப் பற்றிச் சொன்னேன். ஒரு ரிங் என்றால் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் என்றால் பால் வாங்கி வா, எடுத்துவிட்டால் சண்டை. குழுவில் இருந்த ஜெர்மன்காரர்களுக்குப் புரியவில்லை. அந்த அம்மா மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "காசே கிடையாதா? ஒரு வோன்கூடக் கிடையாதா?" என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார்.

ஜூன் 10, காலை 7.10

மேலே எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். அந்த அம்மாவின் இரண்டாவது போன் நிமிடக் கணக்குக்காக என்று நான் சொல்வதும் பின்னால் படித்ததை வைத்து ஒட்டவைத்ததே. ஆபீஸ் போனாக இருந்திருக்கலாம். உதட்டைப் பிதுக்கினது மட்டும் நான் கண்ணால் பார்த்தது.

ஜூன் 12, மாலை 5.40

எகிப்துக்காரர் என்ன ஆனார் என்று கேட்டவருக்கு. இது தனிக் கூத்து.

ஒராஸ்காமின் தலைவர் நகீப் சாவிரிஸ் 40 கோடி டாலர் வரை போடுவதாகச் சொல்லி இறங்கினார். கூடவே 1987-ல் தொடங்கி 1992-ல் நின்றுபோய், 105 மாடிக்கு வெறும் கான்கிரீட்டாக ஊர் நடுவில் முறைத்துக்கொண்டிருந்த ரியூக்யோங் ஹோட்டலுக்கும் அவர் நிறுவனமே கண்ணாடி போர்த்திவிட்டது. நான் போனபோது பளபளவென்று இருந்தது. உள்ளே விருந்தாளி யாரும் கிடையாது. உச்சியில் ஆண்டெனா இருக்கிறதா என்று கழுத்து வலிக்கப் பார்த்தேன், தெரியவில்லை.

வியாபாரம் நன்றாகவே ஓடியது. 2013 மே மாதம் 20 லட்சம் சந்தாதாரர். லாபம் குவிந்தது. எல்லாம் வோனில், பியோங்யாங் கணக்கில். எடுத்துப்போக வழியில்லை. அப்போது அதிகாரபூர்வ விலையில் ஒரு டாலர் சுமார் 100 வோன், சந்தையிலோ சுமார் 8,000. கெய்ரோவில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பல நூறு மில்லியன் டாலர். சந்தை விலையில் பார்த்தால் அதில் எண்பதில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கையும் வெளியே விடமாட்டார்கள். போதாததற்கு அரசே காங்சோங் நெட் என்று இன்னொரு நெட்வொர்க்கை எதிரில் திறந்தது. 2015-ல் ஒராஸ்காம், கொரியோலிங்க் இனி எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று தன் கணக்கிலேயே எழுதிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து, சீரும் செய்து, கடைசியில் சம்பந்தி வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்ட கதை.

அவர்கள் அறிக்கையில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. 453 டவர், நாட்டின் நிலப்பரப்பில் 14 சதவீதம், மக்கள்தொகையில் 94 சதவீதம். கவரேஜ் போடுகிறவனுக்கு இது கவிதை. மலைநாடு. ஜனம் பள்ளத்தாக்கிலும் மேற்குச் சமவெளியிலும் நெருக்கிக்கொண்டு வாழ்கிறது. டவரை ஜனத்துக்கு மேல் வைத்தால் போதும், மலையைக் கரடிக்கு விட்டுவிடலாம்.

ஜூன் 15, இரவு 10.30

பிபிசி செய்தியை இங்கே ஐந்து பேர் ஒட்டிவிட்டீர்கள். நானும் பார்த்தேன். கடத்தி வெளியே கொண்டுவந்த ஒரு வடகொரியப் போன். "ஒப்பா" என்று அடித்தால் போன் தானே "தோங்மு" என்று மாற்றிவிடுகிறது. ஒப்பா என்றால் பெண் தன் அண்ணனைக் கூப்பிடும் சொல். தென்கொரிய நாடகங்களில் காதலனையும் அப்படிக் கூப்பிடுவார்கள், அது வடக்கிலும் தொற்றிக்கொண்டது. தோங்மு என்றால் தோழர். கூடவே, இந்தச் சொல்லை உடன்பிறந்தவருக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று எச்சரிக்கை. தென்கொரியா என்று அடித்தால் "பொம்மை நாடு" என்று மாறுகிறது.

தமிழ்நாட்டுப் பையன்களுக்கு இந்தச் சட்டம் தேவையே இல்லை. இங்கே பெண் "அண்ணா" என்றதுமே கதை முடிந்துவிடும், எந்த சாப்ட்வேரும் வேண்டாம்.

சிரித்தாயிற்றா? அதே போன் 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடுத்து, வைத்திருப்பவரால் திறக்க முடியாத ஒரு ஃபோல்டரில் போட்டுவைக்கிறது.

இதன் பழைய வடிவம் ஒன்று இருந்தது. 2016 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஊலிம் என்ற வடகொரிய டேப்லெட்டைப் பிரித்துக் காட்டினார்கள். ஆண்ட்ராய்டுதான், சீனாவில் செய்த வன்பொருள். ஆனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் இரண்டில் ஒரு முத்திரை இருக்கவேண்டும். ஒன்று அரசு போட்ட முத்திரை, இல்லை அதே கருவி தானே போட்ட முத்திரை. நீங்கள் எடுத்த போட்டோ உங்கள் கருவியில் திறக்கும். அடுத்தவருக்குக் கொடுத்தால் அவர் கருவியில் திறக்காது. வெளியிலிருந்து மெமரி கார்டில் வந்த நாடகம் எதிலும் திறக்காது. இதோடு டிரேஸ் வியூவர் என்று ஒரு நிரல், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று படமெடுத்து வைக்கும். அந்தப் படங்களை நீங்கள் பார்க்கலாம், அழிக்க முடியாது.

பார்க்கலாம், அழிக்க முடியாது. இந்த நிரலை எழுதினவன் சாதாரண ஆள் கிடையாது. ஒளிந்து பார்க்கிறவன் தடயத்தை மறைப்பான். இவன் ஐகான் வைத்திருக்கிறான். இப்போது வந்திருக்கும் போனில் அந்த ஃபோல்டரைத் திறக்கவும் விடுவதில்லை. எது மேல், எது கீழ் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

செயலி வேண்டுமென்றால் கடைக்கே போகவேண்டும். போனை நீட்டினால் அங்கே இருக்கும் பெண் கேபிளைச் செருகி ஏற்றித் தருவார், காசு கொடுத்துவிட்டு வரலாம். 2008 வாக்கில் நம் பஸ் ஸ்டாண்டு கடைகளில் மெமரி கார்டில் இளையராஜா ஹிட்ஸ் 200 பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு இது புரியும்.

ஜூன் 16, காலை 8.00

"உடைக்கவே முடியாதா" என்று ஒருவர். உடைத்திருக்கிறார்கள். 2022-ல் வந்த ஓர் ஆய்வில், தப்பி வந்த இருவர், கம்ப்யூட்டரில் செருகி முத்திரைச் சோதனையைத் தாண்டிய விதத்தைச் சொல்லியிருக்கிறார்கள். ஊர் நெட்வொர்க்கைக் கவிழ்க்கும் நோக்கமெல்லாம் அதில் இல்லை. விருப்பமான படம் போடவும், விற்பதற்கு முன்னால் அந்தப் பட வரலாற்றைத் துடைக்கவும். பழைய போனில் தடயம் இல்லையென்றால் நல்ல விலைக்குப் போகுமாம். 2020 டிசம்பரில் வந்த பிற்போக்குச் சிந்தனை எதிர்ப்புச் சட்டத்தில் போனைத் திருத்தும் நிரல்களையும் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறார்கள். யாரும் செய்யாத ஒன்றுக்கு யாரும் சட்டம் போடுவதில்லை.

ஜூன் 21, இரவு 11.15

முதல் கேள்வியின் மூன்றாம் பகுதிக்குக் கடைசியாக வருகிறேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை.

ரேடியோ அலைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. தனுஷ்கோடியில் நின்றால் உங்கள் போனுக்கு இலங்கை நெட்வொர்க் வரவேற்பு மெசேஜ் அனுப்பும். நடுவில் வெறும் தண்ணீர், தடுக்க ஒன்றுமில்லை. சீன எல்லையில் ஓடும் யாலு, தூமென் ஆறுகளோ சில இடங்களில் நம் வைகை அகலம்கூட இராது. சீனக் கரையில் தான்தோங் நகரம் முழுக்க டவர். ஆகவே சினுய்ஜு, ஹ்யேசான், ஹொய்ரியோங் போன்ற எல்லை ஊர்களில் கள்ளமாக வந்த சீன போன், சீன சிம் இருந்தால் உலகத்தோடு பேசலாம். தெற்கே ஓடிப்போன மகள் அம்மாவுக்குப் பணம் அனுப்புவது இந்த வழியில்தான். சியோலிலிருந்து சீனக் கணக்குக்கு, அங்கிருந்து எல்லைத் தரகருக்கு, தரகர் அம்மாவைக் கூட்டிவந்து போனைக் கையில் கொடுத்து "உன் மகள், பேசு" என்பார். பணம் வந்துசேர்ந்தது என்று அம்மா வாயால் சொன்னால்தான் மகளுக்கு நம்பிக்கை. தரகருக்கு நூற்றுக்கு முப்பது என்பது பல காலம் நடைமுறை.

நான் பல வருஷம் சிக்னல் தேடிக் காரில் அலைந்தவன். திசை காட்டும் ஆண்டெனாவைக் கையில் பிடித்து, இடையூறு செய்யும் கருவி எந்த மாடியில் இருக்கிறது என்று தெருத்தெருவாகத் தேடியிருக்கிறேன். ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்து பூஸ்டர், இன்னொரு முறை கோச்சிங் சென்டர் ஜாமர். மூன்று இடத்திலிருந்து திசை பார்த்தால் கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும், அங்கே கதவைத் தட்டலாம். நல்ல பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டே செய்தேன்.

எல்லையில் பாதுகாப்புத் துறைக்காரர்கள் கையில் வைத்திருப்பதும் அதே ஜாதிக் கருவி. அதனால்தான் அங்கே சில நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார்கள், பேசிவிட்டு பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள், வீட்டை விட்டுத் தள்ளி மலைமேல் ஏறுவார்கள். மலைமேல் ஏறுவது சிக்னலுக்காகவும்தான், ஆனால் உயரத்தில் நின்றால் உங்கள் போன் எழுப்பும் அலையும் தூரமாகப் போகும், தேடுகிறவனுக்கும் சுலபம். இந்தக் கணக்கை ஒரு அம்மா இருட்டில் ஏறும்போது போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டியவர்களைத் தொழிலாளர் முகாமுக்கு அனுப்புவது பற்றி ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு 2016-ல் விரிவான அறிக்கை வெளியிட்டது. லஞ்சம் கொடுத்துத் தப்புவோரும் உண்டு, தென்கொரியாவுக்குப் பேசினது என்று தெரிந்தால் விலை வேறு.

அந்த யூடியூபர் சொன்ன மூன்றாவதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்று முதல் நாளே நான் சொன்னது இதனால்தான்.

ஜூன் 22, காலை 6.20

தூக்கம் வரவில்லை. 2012-ல் திரும்பி வந்து நண்பர்களிடம் நான் அடித்த பேச்சு ஞாபகம் வருகிறது. பத்து வருஷத்தில் பாருங்கள், கையில் போன் வந்துவிட்டது, இனி பூட்ட முடியாது என்றேன். பலரும் அப்போது அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் நான் எழுத்தாளன் இல்லை, ஸ்விட்சின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன். யார் எங்கே எப்போது யாரோடு என்ற பதிவு ஒவ்வொரு அழைப்புக்கும் விழும் என்று தெரிந்தவன். அதற்கு முன்னால் அங்கே ரகசியம் பேச ஒருவரை ஒருவர் தேடிப் போகவேண்டும். தெரிந்திருந்தும் எப்படி அப்படிப் பேசினேன் என்றுதான் புரியவில்லை. சிக்னல் நல்லது என்பது எங்கள் தொழிலின் சமயம், அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

இருந்தாலும் ஒட்டன்சத்திரத்துத் தக்காளிக்காரரையும் மறுக்க முடியவில்லை.

ஜூன் 29, பிற்பகல் 3.00

ஒரு திருத்தம். பரணில் தேடியதில் 2012 பயண நோட்டு கிடைத்தது, நோக்கியாவும் கிடைத்தது. பேட்டரி உப்பிப்போயிருக்கிறது.

பாலத்தின் நடுவில் போனை ஆன் செய்தேன் என்று முதல் நாளில் எழுதினேன். பதின்மூன்று வருஷமாக எல்லோரிடமும் அப்படியே சொல்லி வருகிறேன், நடுப்பாலம் என்றால் கதைக்கு எடுப்பாக இருக்கிறது. நோட்டில் அப்படி இல்லை. "சினுய்ஜு. வண்டி நிற்கிறது. 4 கட்டம்" என்று இருக்கிறது.

இப்போது முழுக்க ஞாபகம் வந்துவிட்டது. அதிகாரி இளைஞர், பெரிய தொப்பி. உறையைக் கிழித்து என் போனைக் கையில் கொடுத்து, வேலை செய்கிறதா பார் என்று சைகை காட்டினார். ஆன் செய்தேன். இரண்டு கைகள் கோக்கும் படம் வந்தது, சற்று நேரம் தேடியது, சைனா மொபைல் என்று விழுந்தது. நான்கு கட்டம், வடகொரிய மண்ணில், ஸ்டேஷனில் தலைவர்கள் படத்துக்குக் கீழே. அவர் குனிந்து என் திரையைப் பார்த்தார். கிழித்த உறையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பெர்த்துக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் 14 மெசேஜும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவ ஆரம்பித்தன. சத்தத்தைக் குறைக்கும் பட்டன் எது என்று கை தேடியது. வண்டி இன்னும் நகரவில்லை.